ரயில் இல்லாத ஊரில் ரயில் பாடம்

பரந்த தேசத்தை அந்தமான் குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்துகின்றன ஆங்கிலப் பாடப் புத்தகங்கள். அந்தமானைத் தேசத்துக்கு அறிமுகப்படுத்துவது யார்? சாத்தம் என்ற சின்னஞ்சிறு தீவில் அந்தப் பாடம் எழுதப்படாமலே கிடக்கிறது.

பல ஆண்டுகள் நாடு முழுவதும் நான்காம் வகுப்பில் புழங்கிய என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் ஒன்றில் ஓமனா என்ற சிறுமி வருவாள். விடுமுறைக்குக் குஜராத்திலிருந்து கேரளத்துப் பாட்டி வீட்டுக்கு ரயிலில் போகிறாள். வழியில் கண்டதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டே வருகிறாள். ஜன்னலுக்கு வெளியே நிலம் மாறுகிறது, மரங்கள் மாறுகின்றன. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் பேச்சும் பலகாரமும் மாறுகின்றன. ஆங்கில வழியில் படிக்கும் குழந்தைக்கு ஒரே பாடத்தில் இரண்டு லாபம்: ஆங்கிலமும் வரும், இந்தியாவும் புரியும்.

இதே புத்தகம்தான் கடல் தாண்டி அந்தமானுக்கும் போனது. அங்குள்ள பள்ளிகள் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்தைப் பின்பற்றுபவை. பாடத்தில் குறை ஒன்றும் இல்லை. சிக்கல் வேறு. அந்தமான் நிகோபாரில் ரயில் கிடையாது. பிளாட்பாரம், சுரங்கப் பாதை, டிக்கெட் பரிசோதகர் எல்லாம் அங்கே படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள். 'பெர்த்' என்ற சொல்லைக் கேட்டால் சேலத்துப் பையனுக்கு ரயில் நினைவுக்கு வரும். சாத்தத்துப் பையனுக்குக் கப்பல் வந்து கட்டும் துறைதான் நினைவுக்கு வரும்.

சாத்தம் அந்தமான் தலைநகரை ஒட்டி, துறைமுக நீர்ப்பரப்பில் கிடக்கும் சிறு தீவு. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரின் ஹேடோ பகுதியோடு ஒரு பாலம் அதை இணைக்கிறது. பாலத்தைத் தாண்டினால் ஒரு பக்கம் கப்பல் துறை. மறுபக்கம் 1883ல் தொடங்கப்பட்ட அரசு மர அறுவை ஆலை. ஆசியாவின் மிகப் பழைய ஆலைகளில் ஒன்று அது. துறையிலிருந்து எதிர்க்கரையான பேம்பூ ஃபிளாட்டுக்கு ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு படகுகள் போய் வருகின்றன. ஸ்கூட்டர், காய்கறி மூட்டை, பள்ளிச் சீருடை எல்லாம் ஒரே தளத்தில் நெருக்கியடித்து நிற்கும். வங்காளமும் தமிழும் தெலுங்கும் மலையாளமும் காதில் விழும். அடுத்தவரோடு பேச வேண்டுமானால் எல்லோரும் தீவின் இந்திக்குத் தாவுவார்கள். ஓமனா இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து கேட்ட மொழிகளைவிட அதிகமாக இங்கே சில நிமிடங்களில் கேட்கலாம்.

சூரியனும் இங்கே தனிப் பாடம் நடத்துகிறது. சாத்தம் இருப்பது ஏறத்தாழ சேலத்தின் அட்சரேகையில். ஆனால் 14 டிகிரிக்கு மேல் கிழக்கே தள்ளி இருப்பதால், சேலத்தில் விடிவதற்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முன்பே இங்கே விடிந்துவிடும். கடிகாரம் மட்டும் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். ஜூன் மாதத்தில் காலை ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்குச் சூரியன் விழும். நாட்டின் அகலம் எவ்வளவு என்பதைத் தீவுக் குழந்தை வரைபடத்தைப் பார்க்காமலே தெரிந்துகொள்ளும்.

குடியேற்றத்தின் முதல் பக்கம்

இந்தத் தீவுகளைத் தமிழ் முன்பே அறியும். முதலாம் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, அவனது 11ஆம் நூற்றாண்டுக் கடல் படையெடுப்பைச் சொல்லும்போது நிகோபாரை மாநக்கவாரம் என்று குறிக்கிறது. ஆனால் 'பெரிய நாடு' குடியிருக்க வந்து கால் ஊன்றிய இடம் என்று பார்த்தால், அது சாத்தம்தான்.

1789ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அளவை செய்ய வந்த ஆர்ச்சிபால்டு பிளேர் முதல் குடியேற்றத்தை அமைத்தது இங்கேதான். மூன்றாண்டில் குடியேற்றத்தை வட அந்தமானுக்கு மாற்றினார்கள். நோயும் சாவும் துரத்தவே, 1796ல் அதையும் கைவிட்டார்கள். காடு மீண்டும் மூடிக்கொண்டது. 1857 எழுச்சிக்குப் பிறகு, தண்டிக்கப்பட்டவர்களை வைக்க ஓர் இடம் தேடியபோது பிரிட்டிஷாருக்குப் பிளேரின் துறைமுகம் நினைவுக்கு வந்தது. 1858 மார்ச் 10 அன்று ஜே.பி. வாக்கர் 200 கைதிகளுடன் வந்து இறங்கினார். கைதிகள் முதலில் வெட்டித் திருத்தியது சாத்தத்தின் காட்டைத்தான். குடிநீர் போதாததால் தலைமையிடம் ராஸ் தீவுக்கு மாறியது. இப்படி, உலகமே அறிந்த செல்லுலர் சிறையின் கட்டுமானம் 1896ல் தொடங்குவதற்கு முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பே தீவு சிறையாகிவிட்டது.

அதன் பிறகு தேசம் தவணை முறையில் வந்தது. பஞ்சாபி, வங்காளி, மராத்தியர், தமிழர் என்று பல மாகாணத்துக் கைதிகள் ஒருவரோடு ஒருவர் பேச ஹிந்துஸ்தானி பொதுமொழியானது. 1921 கிளர்ச்சிக்குப் பிறகு மலபாரின் மாப்பிள்ளைகள் வந்தார்கள். 1925ல் பர்மாவிலிருந்து கரேன்கள் வந்து மாயாபந்தர் அருகே வேபி கிராமத்தை உண்டாக்கினார்கள். 1949லிருந்து கிழக்கு வங்கத்தின் அகதிகள். 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களை விட்டுப் புறப்பட்ட தமிழர்களில் ஒரு பகுதியினர் நிகோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக்கு வந்தார்கள்.

அந்தமானில் கிராமத்துப் பெயர்ப் பலகையைப் படித்தாலே வந்தவர்களின் ஊர் தெரிந்துவிடும். தெற்கு அந்தமானில் திரூர் உண்டு, காலிகட் உண்டு, மஞ்சேரி உண்டு. நீல் தீவில் அகதிகள் அமைத்த ஊர்களுக்கு ராம்நகர், சீதாபூர், லட்சுமண்பூர், பரத்பூர் என்று ராமாயணமே பெயராக வந்துவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி 3.8 லட்சம் மக்களில் வங்காளம் தாய்மொழியாக உள்ளவர்கள் 28 சதவீதத்துக்கு மேல். இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13 சதவீதம். பங்குனி உத்திரத்தன்று தலைநகரின் வெற்றிமலை முருகன் கோயிலுக்குக் காவடி போகும் சாலையில் வேடிக்கை பார்த்து நிற்பவர்களிடம் முகவரி கேட்டால் பாதி இந்தியாவின் பெயர்கள் கிடைக்கும்.

மரம் சொல்லும் பூகோளம்

மக்கள் வந்த வழியாகவே மரங்கள் போயின. சாத்தம் ஆலைக்குக் கட்டைகள் வந்து சேர்வது பெரும்பாலும் கடல் வழியில். காட்டில் வெட்டிய மரத்தை யானை இழுத்துக் கரைக்குக் கொண்டுவரும். அங்கிருந்து கட்டைகள் ஆலைக்கு வரும். அறுத்த பலகை கப்பலேறிச் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும், அதற்கப்பாலும் போனது.

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு சரித்திரம். இரத்தச் சிவப்பு ஓடும் படாக் அந்தமானுக்கே உரியது. பணக்கார வீட்டுத் தளவாடமாக ஐரோப்பா வரை பேர் வாங்கியது. குர்ஜன் பிளைவுட்டுக்கும் கட்டுமானத்துக்கும் போகும். மருந்தேற்றினால் ரயில் தண்டவாளக் கட்டையாகவும் உழைக்கும். மென்மையான பப்பீத்தாவும் தூப்பும் தீக்குச்சிக்கும் பெட்டிக்கும். கறுப்பும் வெளுப்புமாக வரியோடும் மார்பிள் மரம் கைவினைக்கு. ரயிலைப் பார்க்காத தீவிலிருந்து ரயிலைத் தாங்கும் மரம். ஓமனாவின் பாடத்தில் சேர்த்திருந்தால் தீவுக் குழந்தைக்கும் அந்தப் பயணத்தில் ஒரு பங்கு கிடைத்திருக்கும்.

இந்த மரங்களை வெட்டியவர்கள் யார்? சோட்டா நாகபுரியின் ஓராவ்ன், முண்டா, கரியா மக்கள். 1918 வாக்கில் வனத்துறை கூலிக்கு அழைத்து வந்த இவர்களைத் தீவு 'ராஞ்சிக்காரர்கள்' என்ற ஒரே பெயரில் அடக்கிவிட்டது. சாலை போட்டதும் காடு திருத்தியதும் இவர்களே. சொந்த மண்ணில் பழங்குடிப் பட்டியலில் இருக்கும் சமூகங்கள் கடல் தாண்டியதும் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றன. அந்தமானில் அந்த அங்கீகாரத்துக்காக நெடுங்காலமாகக் கேட்டுவந்திருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போரும் ஆலைக்குள் ஒரு குழியை விட்டுச் சென்றிருக்கிறது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் தீவைப் பிடிக்கும் முன் போட்ட குண்டு விழுந்த இடம் என்று சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். ஆனால் ஆலையின் போக்கை மாற்றியது குண்டு அல்ல, ஒரு தீர்ப்பு. சேகர் சிங் குழுவின் அறிக்கையை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம் 2002 மே 7 அன்று பிறப்பித்த உத்தரவு, பழங்குடிக் காப்புக் காடுகளில் மரம் வெட்டுவதை நிறுத்தியது. தீவின் மரம் பெருநிலத்துக்குப் போவதற்கும் தடை போட்டது. பிளைவுட் ஆலைகளின் காலம் முடிந்தது. சாத்தம் உள்ளூர்த் தேவைக்கு அறுக்கும் அளவுக்குச் சுருங்கியது. காடு பிழைத்தது, சங்கின் அதிகாரம் போனது. இன்று அங்கே மரம் பார்க்க வருபவர்களுக்கு நிகராக வன அருங்காட்சியகம் பார்க்க வருபவர்களும் இருக்கிறார்கள்.

முதல் ஆங்கில வகுப்பு

இத்தனை பேரும் வருமுன்பே இங்கே இருந்தவர்களுக்கும் பெரிய நாட்டை அறிமுகப்படுத்த ஒரு முயற்சி நடந்தது. அதுவும் ஆங்கிலத்தில்தான்.

1863ல் ஹென்றி கார்பின் என்ற பாதிரியார் ராஸ் தீவில் 'அந்தமான் இல்லம்' ஒன்றை நடத்தினார். காட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கிரேட் அந்தமானியர்களுக்கு உடை, வேலை, ஆங்கில எழுத்து மூன்றும் அங்கே கற்பிக்கப்பட்டன. சிலரைக் கல்கத்தாவுக்கும் அழைத்துப் போனார். அவர்களுக்கு நகரத்தைக் காட்டுவதுதான் திட்டம். நடந்ததோ, அவர்களைப் பார்க்க நகரம் கூட்டம் கூடியது. இல்லங்கள் தொடர்ந்தன. அவற்றின் வழியாக நோய்களும் பரவின. 1877ல் தட்டம்மை ஒரு பெரும் பகுதியைக் கொண்டுபோனது. 1858ல் ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர் இன்று ஐம்பதுக்குச் சற்று மேல்.

அவர்களுக்கும் ஒரு பூகோளம் இருந்தது. காட்டில் எந்த மரம் எப்போது பூக்கிறது, எந்தத் தேன் எப்போது கிடைக்கிறது என்பதே காலண்டர். பெரியவளாகும் பெண்ணுக்கு அந்தப் பருவத்தில் பூத்திருக்கும் மரத்தின் பெயரைச் சூட்டும் வழக்கத்தை மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1922ல் வெளியான தமது நூலில் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பெயர்களைச் சொல்லும் மொழிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. போ மொழியைப் பேசிய கடைசி மனிதராக அறியப்பட்ட போவா சீனியர் 2010 ஜனவரியில் இறந்தார். தம் மொழியில் பேச ஆள் இல்லாததால் மற்றவர்களோடு அந்தமான் இந்தியில் பேசிவந்தவர் அவர். பெரிய நாடு நடத்திய மொழிப் பாடத்தில் அவர் தேறிவிட்டார். அவர் மொழியைக் கற்க வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அவர்களில் முக்கியமானவர் மொழியியலாளர் அன்விதா அப்பி. கிரேட் அந்தமானிய மொழிக்கு ஆங்கிலமும் இந்தியும் சேர்த்து அகராதி தொகுத்தவர்.

அலை வந்த பாடம்

தேசத்தின் ஆங்கிலப் புத்தகத்தில் தீவுகளுக்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது. எட்டாம் வகுப்பின் பழைய 'ஹனிட்யூ' புத்தகத்தில் சுனாமி பற்றி ஒரு பாடம் உண்டு. 2004 டிசம்பர் 26 காலை கச்சாலில் ஒரு கூட்டுறவுச் சங்க மேலாளர், ஒரு காவலர், அலை இழுத்துப்போன 13 வயதுச் சிறுமி என்று உண்மை மனிதர்கள் அதில் வருகிறார்கள். காஷ்மீரிலும் கன்னியாகுமரியிலும் படித்த பிள்ளைகளுக்கு நிகோபார் இப்படித்தான் ஆங்கிலத்தில் அறிமுகமானது. அலையாக, சாவாக.

அதே பாடம் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமியைப் பாராட்டுகிறது. பள்ளியில் பூகோள வகுப்பில் சுனாமி பற்றிப் படித்திருந்த அவள், தாய்லாந்துக் கடற்கரையில் கடலின் போக்கைக் கண்டு எச்சரித்து, பல உயிர்களைக் காப்பாற்றினாள். பாராட்ட வேண்டியவள்தான். ஆபத்தை முன்பே உணர்ந்து தப்பிய விலங்குகளுக்கும் பாடத்தில் இடம் கிடைத்தது. கிடைக்காதவர்கள் ஓங்கேக்கள். சிறிய அந்தமானின் டுகாங் கிரீக்கில் வாழும் நூறு பேர் கொண்ட அந்த இனம், கடல் பின்வாங்குவதைக் கண்டதும் மேட்டுக் காட்டுக்குள் போய்விட்டது. ஒருவரும் சாகவில்லை. அவர்கள் படித்ததும் பூகோளப் பாடம்தான். நடத்தியவர்கள் பாட்டனும் பாட்டியும். புத்தகம் இல்லை, ஆங்கிலம் இல்லை. ஆகவே பாடத்திலும் இல்லை.

அன்று நிலமே தன் இடத்தை மாற்றிக்கொண்டது. போர்ட் பிளேர் பகுதி சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. நாட்டின் தென்கோடியான இந்திரா முனையில் நான்கு மீட்டருக்கு மேல் இறங்கியது. இந்தத் தீவுகள் பர்மாவின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கித் தொடரும் முதுகின் உச்சிகள். வடகிழக்கில் பேரன் தீவில் நாட்டின் ஒரே உயிருள்ள எரிமலை இருக்கிறது. நீண்ட உறக்கத்துக்குப் பின் 1991ல் விழித்துக்கொண்டது. இமயத்தைப் படித்து முடிக்கும் தீவுக் குழந்தையிடம், நீ நிற்பதும் ஒரு மலைத்தொடரின் மேல்தான் என்று சொல்ல வேண்டியது ஆசிரியர் பொறுப்பாகிறது. நல்ல ஆசிரியர்கள் சொல்வார்கள். பரீட்சையில் கேட்க மாட்டார்கள்.

பெயர் மாறினால் போதுமா?

தேசத்துக்குத் தீவுகள் மேல் அக்கறை இல்லை என்றும் இல்லை. பெயர் வைப்பதில் அது தெரிகிறது. 2018 டிசம்பரில் ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவானது. ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் ஷஹீத் த்வீப் ஆனது. 2023 ஜனவரியில் பெயரில்லாத 21 பெரிய தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா பெற்ற வீரர்களின் பெயர்கள் வந்தன. பிறகு தலைநகரும் மாறியது. ஆங்கிலேயர் வைத்த பெயர்களை எடுத்துவிட்டுப் பெருநிலத்தின் பெயர்களை வைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் ஆங்கிலேயர் வருமுன் அந்தக் கரைகளை அழைத்த சொற்கள் எந்தப் பலகைக்கும் வரவில்லை. சாத்தம் மட்டும் இன்னும் சாத்தமாகவே இருக்கிறது.

பெருநிலத்துக்கு அந்தமான் எவ்வளவு தெரியும் என்பதற்கு ஒரு பழைய இருபது ரூபாய் நோட்டு போதும். மகாத்மா காந்தி வரிசையில் வந்த அதன் பின்புறத்தில் தென்னை மரங்கள், கடல், தூரத்தில் ஒரு கலங்கரை விளக்கம். சாத்தத்திலிருந்து படகேறி எதிர்க்கரைக்குப் போய், 2021 வரை மவுண்ட் ஹாரியட் என்றிருந்த மலையில் ஏறினால் தெரியும் காட்சி அது. கோடிக்கணக்கான சட்டைப் பைகளில் அந்தமான் பயணம் செய்தது. நோட்டை நீட்டியவருக்கும் வாங்கியவருக்கும் அது எந்த ஊர் என்று தெரியாது.

2025ல் நான்காம், எட்டாம் வகுப்புகளுக்குப் புதிய என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள் வந்துவிட்டன. புத்தகம் மாறும் காலம் நல்ல காலம். ஆங்கிலம் படிக்கும் குழந்தைக்கு இந்தியாவைச் சொல்ல இனி ஒரு பாடம் எழுதுகிறவர், கதாநாயகியைச் சாத்தம் துறையில் படகில் ஏற்றிவிட்டுப் பார்க்கலாம். பக்கத்தில் நிற்கும் வங்காளிப் பாட்டியிடமும் ராஞ்சிக்காரத் தாத்தாவிடமும் அவள் பேச்சுக் கொடுக்கட்டும். ஆலையின் சங்கு ஏன் முன்போல் ஆட்சி செய்வதில்லை என்று கேட்கட்டும். ஓங்கேப் பாட்டி கடலைப் பார்த்து என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ளட்டும்.

அந்தப் பாடத்தில் ரயில் வராதுதான். அதனால் என்ன? ஓமனாவின் ரயிலைத் தீவுக் குழந்தைகள் இத்தனை வருஷம் கற்பனையிலேயே ஓட்டிப் பழகியிருக்கிறார்கள். சேலத்துக் குழந்தையும் ஒரு முறை கப்பலைக் கற்பனை செய்து பார்க்கட்டும்.